இரண்டும் கவிழ்ந்தால்

சீனக் கடலோர ஊரான பெய்யூவில் ஒருவன் செத்துவிட்டான் என்று முடிவாக வேண்டுமானால் மூன்று தரப்பு ஒத்துக்கொள்ள வேண்டும். அரசாங்கம், குடும்பம், செத்தவன். அரசாங்கத்துக்கு எப்போதும் அவசரம். படகில் போன நாலு பேரில் மூன்று பேருடைய உடல் கிடைத்ததுமே நாலாவது ஆளையும் சேர்த்து முத்திரை குத்திவிட்டது. குடும்பத்தில் கொஞ்சம் இழுபறி. செத்தவனைத்தான் இன்றைக்குக் கேட்கப் போகிறார்கள்.

கேட்பதற்காகக் கடற்கரையில் நீலத் தார்ப்பாய் கட்டி, மேசை போட்டு, சாமிகளை உட்கார வைத்திருந்தார்கள். இலையோடு வெட்டிய மூங்கிலை மணலில் நட்டு, அதன் உச்சியில் அந்த நாலாவது ஆள் ஹாய்பெங்கின் கட்டம்போட்ட சட்டையை மாட்டியிருந்தார்கள். காற்றில் அது இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது பையன் ஒருநாளும் இவ்வளவு சுறுசுறுப்பாகக் கையை ஆட்டியதில்லை என்று அவனுடைய அப்பா குவா தெங்ஸூய்க்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தவர், எதிரே மருமகள் நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

விழுங்குவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. துறைமுக வாசலில் மீன் உருண்டைக் கடை வைத்து, “என் உருண்டைக்குள்ள மீனைக் கண்டுபிடிச்சா அடுத்த கிண்ணம் சும்மா” என்று கூவியே விற்றுப் பிழைத்த மனுஷன். மனைவி செத்துப்போன அன்று, “முப்பது வருஷம் என் சமையலைத் தாக்குப் பிடிச்சாளே, அதுவே பெரிசு” என்று சொல்லி, வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அழுகை வர வேண்டிய இடத்தில் அவருக்குக் கிண்டல்தான் வரும். கொத்தனார் குழாயை மாற்றிப் பொருத்திவிட்ட வீடு மாதிரி. படகைக் கவிழ்த்த இலையுதிர்காலப் புயலுக்குப் பிறகு அந்தக் குழாயிலிருந்தும் ஒன்றும் வெளியே வரவில்லை.

அவருக்கு இன்றைக்கு எந்த வேலையும் கிடையாது. வெள்ளைத் தலை கறுப்புத் தலையைக் கும்பிடக் கூடாது. பெற்றவன் பிள்ளைக்கு ஊதுபத்தி ஏற்றினால் அந்தப் பாவமும் பிள்ளையின் தலையில்தான் விழும். பெற்றவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததற்கே கீழுலகத்தில் அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்களாம். ஆகவே தெங்ஸூயைத் தள்ளி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அது அவருடைய கடை முக்காலிதான். வாடிக்கையாளர்கள் ஏன் சீக்கிரம் எழுந்து போகிறார்கள் என்பது இன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

சடங்கு மருமகளுடையது. பிள்ளை இல்லாததால் பெக்லியன்தான் எல்லாம் செய்ய வேண்டும். சாக்குத் துணியில் அங்கி, தலையில் முக்காடு. இருபத்தேழு வயது. புயலுக்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. தினமும் மாலையில் ஹாய்பெங்குக்கு ஒரு கிண்ணம் சோறு வைத்துக் சாப்பிடும் குச்சிகளை மேலே குறுக்காக வைப்பாள். சோற்றில் நட்டு வைத்தால் செத்தவனுக்கு. குறுக்காக வைத்தால் வரப்போகிறவனுக்கு. ஆறின பிறகு அதைத் தெங்ஸூய் தின்பார். மகன் வீட்டில் இல்லாமலேயே மகன் தயவில் தொப்பை வைத்த ஒரே அப்பன் நான்தான் என்று நினைத்துக்கொள்வார்.

“நல்லா சுத்துங்க. அழுதுகிட்டே சுத்துங்க” என்றார் பூசாரி யாப்.

யாப் தாவோ பூசாரி. மஞ்சள் பட்டு அங்கிக்குக் கீழே விளையாட்டுக் காலணி. ஆஸ்துமா. நாலு வரி மந்திரத்துக்கு ஒருமுறை மூச்சு மருந்தை உறிஞ்சிக்கொள்வார். சாமிகளை நிர்வாகம் பண்ணுகிற உத்தியோகம் வேறு எதையும்விட இளைப்பைத் தரும் என்பது அவருடைய கட்சி.

அவர் சுற்றச் சொன்னது ஆள் உயரக் கூண்டை. மூங்கில் சிம்பில் கட்டி, காகிதம் ஒட்டி, அதில் நீர்த்தேவதைகளையும் இறால் சிப்பாய்களையும் வரைந்து, ஈர மணலில் ஊன்றிய கழியில் செருகியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரிதான் கணக்கு. கரையில் கூண்டு சுற்றச் சுற்ற, ஆழத்தில் கிடக்கிற உயிர் படிப்படியாக மேலே ஏறி வரும். பெக்லியன் ஒரு பக்கம் சுற்றினாள். தெங்ஸூயின் தங்கை மூய் ஒரு பக்கம். ஹாய்பெங்கின் சிநேகிதன் ஆகியாட் ஒரு பக்கம். படகு போன அன்றைக்கு அவனுக்குக் கடுமையான பல்வலி, அதனால் கடலுக்குப் போகவில்லை. பல்லை இன்னும் பிடுங்கவில்லை. பிடுங்க மாட்டேன் என்கிறான்.

கூண்டு சுற்றி ஓய்ந்ததும் பெக்லியன் மேசையடியில் விரித்த பாய்முன் மண்டியிட்டாள். கையில் இரண்டு பிறைக்கட்டை. மூங்கில் வேரில் செதுக்கியது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைத்த முதுகு. முதுகு மேலே தெரிந்தால் கவிழ்ந்தது. கேள்வியைக் கேட்டு, தூக்கிப் போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் ஆம். இரண்டும் மல்லாந்தால் சிரிப்பு: கேட்கப்பட்டவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார், பதில் தர இஷ்டமில்லை. இரண்டும் கவிழ்ந்தால் இல்லை.

“ஹாய்பெங், வந்துட்டியா?” என்று கேட்டாள். வேலை முடிந்து வருகிறவனை அடுப்பங்கரையிலிருந்து கேட்கிற குரல்.

கட்டை விழுந்தது. இரண்டும் கவிழ்ந்திருந்தன.

மூய் மூக்கை உறிஞ்சினாள். ஆகியாட் தாடையைப் பிடித்துக்கொண்டான். முக்காலியில் உட்கார்ந்திருந்த தெங்ஸூயின் வயிற்றுக்குள், யாருக்கும் தெரியாமல், ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

இதைத்தான் அவர் எவரிடமும் சொல்லவில்லை. ஆழத்தில் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கே ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஆள் வேறு எங்கேயோ இருக்கிறான் என்று அர்த்தம். ஏதோ கப்பல்காரன் தூக்கிப் போயிருக்கலாம். பாஷை தெரியாத துறைமுகத்தில் படுத்திருக்கலாம். தலையில் அடிபட்டுத் தன் பேரே மறந்திருக்கலாம். தன் பேரை மறந்தவன் தகப்பன் கடை உருண்டையையும் மறந்திருந்தால் அதுவும் நல்லதுதான். அறுபத்தொரு வயது மனுஷன் யோசிக்கிற யோசனையா என்று அவருக்கே வெட்கம். ஆனாலும் பல்லிடுக்கில் மிட்டாயை அடக்கிவைத்த பிள்ளை மாதிரி அதை அடக்கி வைத்திருந்தார்.

அதற்கு ஆதாரமும் இருந்தது. அவருடைய பெரிய தாத்தா தென்கடல் நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர். கடிதம் நின்றது. இதே கரையில் கூண்டு சுற்றிக் கேட்டார்கள். ஆம் என்று விழுந்தது. பெயர்ப்பலகை செய்து பூஜை மாடத்தில் வைத்துப் பதினோரு வருஷம் படையல் போட்டார்கள். பிறகு ஒருநாள் தகரப் பெட்டியோடு பினாங்கிலிருந்து வந்து இறங்கினார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் தன் பலகைக்குத் தானே காலையில் ஊதுபத்தி ஏற்றுவார். “இந்த வீட்டுல என்னை மதிக்கிறவன் நான் ஒருத்தன்தான்” என்பார். கோயில்களைப் பூட்டி, சாமிகளை அடுப்பில் போட்ட வருஷங்களில் வீட்டுப் பலகைகளை எரிக்கச் சொல்லி அரசாங்க ஆள் வந்தபோது, மற்ற முன்னோர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்து குடும்பம் அவருடைய பலகை ஒன்றை மட்டும்தான் கொடுத்தது. அப்படிப்பட்ட வம்சம்.

“மறுபடி கேளும்மா” என்றார் யாப்.

இந்த முறை இரண்டும் மல்லாந்தன. சிரிப்பு.

“பாத்தியா, சிரிக்கிறான்” என்றாள் மூய். “இங்கதான் இருக்கான். ஏதோ குறை இருக்கு, அதான் ஏறி வர மாட்டேங்கறான். என்ன குறைன்னு கேட்டுத் தீத்தா வந்துடுவான்.”

பெய்யூவில் யாரும் முதல் பதிலோடு திரும்பிப் போவதில்லை. சாமியாக இருந்தாலும் பிணமாக இருந்தாலும் பேசிப் படியவைக்க வேண்டும்.

“சிகரெட்டா இருக்குமா?” என்றான் ஆகியாட். ஒரு பெட்டியைப் பிரித்து, ஒன்றைப் பற்றவைத்து மேசையில் வைத்தான். அது தனியாகப் புகைந்தது. கேட்டார்கள். இல்லை.

“அவனுக்கு எரிச்சு அனுப்பக் காகித மோட்டார்சைக்கிள் வாங்கியிருக்கோம். செல்பேசி வாங்கியிருக்கோம். செல்பேசிக்குச் சார்ஜர் வச்சீங்களா?” என்றாள் மூய்.

“அங்க எல்லாருக்கும் ஒரே சார்ஜர்தான் அத்தை” என்றான் ஆகியாட்.

“உனக்கு யாரு சொன்னா? போய்ப் பாத்தியா?”

ஆகியாட் குனிந்தான். காலில் போட்டிருந்த நீளமான ரப்பர் பூட்ஸைக் கழற்றி மேசைமேல், பன்றிக்கறித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். “இது அவன் பூட்ஸு. நான் வாங்கிட்டுப் போனேன். அன்னைக்கு அவன் வெறும் செருப்போட போயிருப்பான்.” பூட்ஸைப் பெக்லியன் பக்கம் நகர்த்தினான். “கேளு தங்கச்சி. இதுக்கான்னு கேளு.”

பெக்லியன் கேட்டாள். இல்லை.

ஆகியாட் பூட்ஸைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றான்.

மூய் தொண்டையைக் கனைத்தாள். “கல்யாணத்தப்ப நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். பொண்ணு குட்டையா இருக்கா, அலமாரி மேல் தட்டு இந்த வீட்டுக்கு வேஸ்டுதான்னு. அது அவன் காதுல விழுந்திருச்சோ என்னவோ.”

“என் காதுலயும் விழுந்துச்சு அத்தை” என்றாள் பெக்லியன், கட்டையைப் பார்த்தபடி.

“சரி, கேளு.”

இரண்டும் மல்லாந்தன.

“சிரிச்சிட்டான்” என்றாள் மூய். “கோவம் இல்ல. ஒத்துக்கிறான்.”

அதற்கு ஆகியாட்கூடச் சிரித்துவிட்டான். பெக்லியனின் உதடும் ஒரு பக்கம் கோணியது. ஒரு நொடி அந்தத் தார்ப்பாயின் கீழே பழைய வீடு மாதிரி இருந்தது. பிறகு காற்று வந்து சட்டையை அடித்தது. அவள் மறுபடி போட்டாள். இல்லை. போட்டாள். இல்லை. எதையும் கேட்காமலே போட்டாள். இல்லை.

ஒவ்வொரு தடவையும் தெங்ஸூயின் விளக்கு கொஞ்சம் பெரிதாகியது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். உலகத்தில் எந்த அப்பனும் மகனுடைய கருமாதியில் இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருக்க மாட்டான். அதற்கே தன்னைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று நினைத்தார். யாராவது வந்து உதைத்தால்கூட, அவர்களுக்கு ஒரு கிண்ணம் சூடாகக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

மூய் வந்து பக்கத்தில் குந்தினாள். அவளிடம் தைலவாடை வந்தது.

“அண்ணே. உன் மூஞ்சி எனக்குத் தெரியும்.”

“மூஞ்சிக்கு என்ன? இதை வச்சுதான் இத்தனை வருஷம் ஓட்டிருக்கேன்.”

“பினாங்குத் தாத்தாவை நெனச்சுகிட்டிருக்க.”

அவர் ரப்பர் செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்.

“தாத்தா காணாமப் போனது தரையில. ஒரு பொம்பளை வீட்டுல. இவன் போனது அந்தப் புயல்ல. மத்த மூணு பேரோட ஒடம்பு எப்படி இருந்துச்சுன்னு நீயும்தான பாத்த. நான் பாத்ததுல இருந்து மீன் திங்கறதில்ல.” அவள் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினாள். “பெத்தவனுக்கு ஆசை இருக்கும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்தப் பொண்ணைப் பாரு. ராத்திரி எழுந்து கதவைத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கா. போன வாரம் ஆகியாட்டுகிட்ட, படகுத்துறை முனையில ஆழம் எவ்வளவுன்னு கேட்டிருக்கா.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு நீயே யோசி.”

அதற்குள் யாப் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார். நடந்த வேகத்தில் இளைத்தது. மருந்தை உறிஞ்சிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். “தண்ணி ஏறி முடியப் போவுது. ஏறும்போதுதான் உயிரும் கூடவே வரும். எறங்க ஆரம்பிச்சா இழுத்துட்டுப் போயிடும். ஒருத்தனுக்கு ஒரு தடவைதான் இந்தக் கூண்டைச் சுத்தலாம். திருப்பித் திருப்பிக் கூப்பிட அது என்ன டீக்கடைப் பையனா?”

“வரலைன்னா?” என்றார் தெங்ஸூய்.

“வரலைன்னா வரலை. பலகை கிடையாது. குழி கிடையாது. தண்ணியிலயே நிப்பான்.” கடல்புறத்தில் பிறந்த யாருக்கும் மீதி தெரியும். தண்ணீரில் நிற்கிறவன் தன் இடத்துக்கு இன்னொரு ஆளைப் பிடித்து நிறுத்தினால்தான் அங்கிருந்து வெளியே வர முடியும். பிடிக்கிறவன் பெரும்பாலும் தெரிந்த ஆளாகத்தான் பார்ப்பான்.

பாயின் பக்கம் சத்தம் நின்றிருந்தது. பெக்லியன் கட்டைகளைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள். முக்காட்டை எடுத்து மடித்தாள். காலணிகளைக் கழற்றி, மூக்கு இரண்டும் கடலைப் பார்க்கிற மாதிரி ஜோடியாகச் சேர்த்து வைத்தாள்.

“வரமாட்டேங்கறான்” என்றாள். “நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

சீட்டாட்டத்தில் உட்கார்ந்துவிட்ட புருஷனைக் கூட்டிவரப் போகிறவள் மாதிரிதான் சொன்னாள். அதனால் யாருக்கும் உடனே உறைக்கவில்லை. அவள் ஈர மணலைத் தாண்டி, நுரையைத் தாண்டி, முழங்கால் தண்ணீருக்குப் போனபோதுதான் ஆகியாட் ஓடினான். அவனுக்குப் பின்னால் மூய், ஒரு செருப்போடு. அலை வந்து மூன்று பேரையும் உட்கார வைத்தது. சாக்கு அங்கி தண்ணீரைக் குடித்துப் பாறை மாதிரி கனத்தது. ஆகியாட் அவள் இடுப்பைப் பிடித்திருந்தான். அவள் அடிக்கவில்லை, திமிறவில்லை. போகிற பக்கமே பார்த்துக்கொண்டு, “விடுண்ணே, அவன் குளிர்ல நிக்கறான்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத்தான் கேட்க முடியவில்லை.

இவளை இன்றைக்கு இழுத்துக் கரையில் போட்டுவிடலாம். நாளைக்கு யார் பிடிப்பார்கள்?

தெங்ஸூய் முக்காலியிலிருந்து எழுந்தார். பாய்க்குப் போய்க் கட்டைகளை எடுத்தார்.

“நீங்க தொடக்கூடாது அண்ணே” என்றார் யாப். “அப்பன் கும்பிட்டா புள்ளைக்குத்தான் பாவம்.”

“கும்பிடல. திட்டப் போறேன். திட்டறதுக்கு அப்பனுக்குத் தடை ஏதாச்சும் இருக்கா?”

யாப் யோசித்தார். அத்தனை தலைமுறை சாஸ்திரத்தையும் ஒரு புரட்டுப் புரட்டிய முகம். “இல்ல” என்றார் கடைசியில். “மண்டி மட்டும் போடாதீங்க. நின்னுகிட்டே திட்டுங்க.”

தெங்ஸூய் நின்றார். கடலைப் பார்த்தார். கடையில் கூவுகிற குரலை எங்கேயிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார்.

“டேய் ஹாய்பெங். உன் அப்பன்டா. ஒரு தடவையாவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கியா நீ? பொறக்கறதுக்கே மருத்துவச்சியை உக்கார வச்சுத் தூங்க விட்டவன். பள்ளிக்கூடத்துக்கு லேட்டு. உன் கல்யாணத்துக்கே லேட்டு, பொண்ணு வந்து உக்காந்துட்டா, மாப்பிள்ளை எங்கடான்னா வலையைக் கழுவிட்டிருக்க. இப்ப இத்தனை பேரைக் குளிர்ல நிக்க வச்சிருக்க. உங்கத்தை ஒத்தைச் செருப்போட நிக்கறா. பூசாரிக்கு மூச்சு நிக்கப் போவுது, அப்புறம் அவரைக் கூப்பிட ஒரு கூண்டு நாங்க சுத்தணும். உன் பொண்டாட்டி—” தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். “உன் பொண்டாட்டி சாப்பிடறதில்ல. உன் சோத்தை நான்தான் திங்கறேன். வெக்கமா இருக்குடா. வந்து உன் பங்கை நீயே தின்னு. வந்துட்டியா? சொல்லு.”

இவ்வளவும் வாய் சொன்னது. உள்ளே வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது. வராதே. எங்கேயாவது இருந்தால் அங்கேயே இரு. உன் பேர் உனக்கு ஞாபகம் வர வேண்டாம், என்னையும் நினைக்க வேண்டாம், இரு. அது போதும்.

போட்டார்.

ஒரு கட்டை பாயில் விழுந்து கவிழ்ந்தது. மற்றது பாயின் விளிம்பில் பட்டுத் துள்ளி, அவர் காலடி மணலுக்கு உருண்டது. குனிந்து பார்த்தார். முதுகு மேலே இருந்தது. மூங்கில் வேரின் கணுக்கள்கூடத் தெரிந்தன.

இரண்டும் கவிழ்ந்திருந்தன.

அந்தக் கொஞ்ச நேரம் அவருடைய மகன் உயிரோடு இருந்தான்.

தண்ணீர்ப் பக்கத்திலிருந்து மூய் கத்தினாள். “என்ன விழுந்துச்சு அண்ணே?” பெக்லியன் முதல்முறையாகத் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தாள். நனைந்த முடி முகமெல்லாம் ஒட்டியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து கட்டை தெரியாது. அவள் பார்த்தது அவர் முகத்தை.

தெங்ஸூய் ரப்பர் செருப்பிலிருந்து காலை உருவினார், மணல் புகுந்துவிட்டதை உதறுகிறவர் மாதிரி. கட்டைவிரலால் கட்டையைப் புரட்டினார். அது லேசாக இருந்தது. இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

“வந்துட்டான்” என்றார்.

நிமிர்ந்தபோது யாப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றதால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நாற்பது வருஷமாகக் கட்டைகளைப் பார்த்துப் பழகிய கண். அவர் மூச்சு மருந்தை எடுத்து, நிதானமாக ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். பிறகு மணியை எடுத்து ஓங்கி அடித்தார்.

“வந்துட்டான்” என்று கடலைப் பார்த்துக் கத்தினார். “குவா வீட்டு மகன் கரைக்கு வந்துட்டான். குடை கொண்டாங்க, உயிர்மேல வெயில் படக் கூடாது.”

வெயில் எங்கேயும் இல்லை. ஆனாலும் குடை விரித்தார்கள்.

பெக்லியன் தண்ணீரிலிருந்து தானாகவே நடந்து வந்தாள். பாய்முன் விழுந்து, அந்த இரண்டு கட்டைகளையும் பார்த்தாள், ஒன்று மல்லாந்து, ஒன்று கவிழ்ந்து. அழுதாள். புயலுக்குப் பிறகு இப்போதுதான் அழுகிறாள். அடைத்த சாக்கடை திறந்த மாதிரி, அழகில்லாமல், வாயைத் திறந்துகொண்டு அழுதாள். மூய் அவளைக் கட்டிக்கொண்டாள். “அப்பன் திட்டினாத்தான் கேப்பான் போல” என்றாள் மூய். “முதல்லயே திட்டச் சொல்லியிருக்கணும்.” ஆகியாட் திரும்பி நின்று தாடையைப் பிடித்துக்கொண்டான்.

யாப் ஊதுபத்திச் சட்டியில் நெருப்பேற்றி, சிவப்புத் துணி விரித்த கூடையில் வைத்து அவள் கையில் கொடுத்தார். இனி அதற்குள்தான் ஹாய்பெங். கூண்டையும் காகித மோட்டார்சைக்கிளையும் அங்கேயே கொளுத்தினார்கள். தீ எரிகையில் யாப் தெங்ஸூயின் பக்கத்தில் வந்து நின்றார்.

“கண்ணுல புரை விழுந்துருக்குன்னு டாக்டர் சொல்றான்” என்றார் நெருப்பைப் பார்த்தபடி. “ஒண்ணும் சரியாத் தெரியறதில்ல அண்ணே.”

தெங்ஸூய் தலையசைத்தார். ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டிய இடம். தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் யாப் மணியோடு, அடுத்து குடை பிடித்த ஆகியாட், குடைக்குக் கீழே கூடையோடு பெக்லியன், பின்னால் மூய், கடைசியில் தெங்ஸூய். கடலிலிருந்து உயிரைக் கூட்டிக்கொண்டு போகும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வருகிறவன் நின்றுவிடுவான். தெங்ஸூய் திரும்பவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. கூழாங்கற்கள் ஒன்றோடு ஒன்று உரசி, பின்வாங்குகிற அந்தச் சத்தம் இந்த ஊர்க்காரன் காதுக்குத் தவறாது.

அவன் எங்கேயாவது உயிரோடு இருந்தால், அவனைக் கொன்றாயிற்று. இன்றைக்குப் பலகையில் பேர் எழுதிவிடுவார்கள். பெக்லியன் ஒருநாள் வேறு வீட்டுக்குப் போவாள், போகத்தான் வேண்டும். செத்துப் போயிருந்தால் அதைவிட மோசம். வர மாட்டேன் என்று ஏன் சொன்னான், என்ன குறை, யாருக்கும் தெரியாது. இனிமேல் யாரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். ஒருத்தனுக்கு ஒரு தடவைதான். ஊர் முழுக்க அவன் வீட்டில் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்க, அவன் அங்கே இடுப்பளவு இருட்டில், வெறும் செருப்போடு நின்றுகொண்டிருப்பான். இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கேட்பதற்கு இருந்த ஒரே வழியைக் கால்விரலால் புரட்டியாகிவிட்டது.

“அப்பா” என்று முன்னாலிருந்து பெக்லியன் கூப்பிட்டாள், திரும்பாமல். தொண்டை கட்டி, குரல் காற்றாக வந்தது. “கூடை கனக்குதுப்பா. பாத்தீங்களா, கரையில எடுக்கும்போது இவ்வளவு கனம் இல்ல.”

“அவன் எப்பவும் கனம்தான்” என்றார் தெங்ஸூய்.

“வீட்டுக்குப் போய் நூடுல்ஸ் போடறேன். எனக்கும் பசிக்குது.”

“போடு. நெறையப் போடு.”

உப்பங்கழியின் முதல் பாலம் வந்தது. பாலத்திலும் திருப்பத்திலும் உயிருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு வழி தெரியாது, தண்ணீரைக் கண்டு மிரண்டு நின்றுவிடும். சொல்ல வேண்டியவள் பெக்லியன். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நின்றாள். முன்னால் மணியும் நின்றது.

“நீங்க சொல்லுங்கப்பா. உங்க பேச்சைத்தான் கேக்கறான்.”

தெங்ஸூய் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் குடை, குடைக்குக் கீழே ஒரு கூடை, கூடையில் ஒரு சட்டி சாம்பல். திரும்பிப் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் கடல் வரைக்கும், அதற்கும் அப்பால் பாஷை தெரியாத துறைமுகங்கள் வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கத்தினார்.

“ஹாய்பெங், பாலம் வருதுடா. பாத்து வா.”

கூடையைப் பார்த்துப் பெக்லியன் மெல்லத் தலையாட்டினாள், பதில் கேட்டவள் மாதிரி. மணி அடித்தது. நடந்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் இன்னும் இரண்டு பாலம் இருந்தது.